பிரமாணம் மறுத்தவர்கள்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சமயக் கலகக்காரர்களைப் பற்றி நம்மிடையே பேச்சு வரும்போதெல்லாம் அது இரண்டு முனைகளில் ஒன்றில் போய் நின்றுவிடுகிறது. இடதுசாரி நண்பர்கள் தாமஸ் மூன்ட்ஸரைச் சொல்வார்கள். எங்கெல்ஸ் 1850-ல் எழுதிய ‘ஜெர்மனியில் விவசாயிகள் போர்’ வழியாக நமக்கு வந்து சேர்ந்த மனிதர் அவர். 1525 மே மாதம் ஃப்ராங்கன்ஹௌஸனில் விவசாயிகளோடு தோற்றுச் சிரச்சேதம் செய்யப்பட்டவர். மற்ற நண்பர்கள் மூன்ஸ்டரைச் சொல்வார்கள். இது ஊரின் பெயர். 1534-35-ல் பதினாறு மாதங்கள் தீர்க்கதரிசிகளின் ஆட்சியில் இருந்து, ஒரு தையற்காரரை ராஜாவாக்கிக்கொண்டு, பட்டினியில் அழிந்த ஊர். முதல் தரப்புக்கு இவர்கள் காலத்துக்கு முன் பிறந்துவிட்ட புரட்சியாளர்கள். இரண்டாம் தரப்புக்கு, எல்லாப் புரட்சியும் எங்கே போய் முடியும் என்பதற்கு எச்சரிக்கை. இரண்டு வாசிப்புக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் இரண்டுமே இவர்கள் எழுப்பிய கேள்வியைத் தொடவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மனிதன் தன் நாளைய மனசாட்சியை இன்றே இன்னொருவர் கையில் எழுதிக் கொடுத்துவிட முடியுமா? கொடுத்துவிட்டால், அதன்பிறகு அவன் செய்வது யாருடைய செயல்?

அனபாப்டிஸ்டுகள் என்ற பெயர் விரோதிகள் வைத்த பெயர். மறுபடி ஞானஸ்நானம் செய்கிறவர்கள் என்று பொருள். அவர்கள் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர் ஞானஸ்நானமே அல்ல, அதனால் நாங்கள் எதையும் மறுபடி செய்யவில்லை என்றார்கள். ஆனால் பெயரில் ஒரு சட்ட சௌகரியம் இருந்தது. மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை என்று ஜஸ்டினியனின் பழைய ரோமானியச் சட்டத் தொகுப்பில் இருந்தது. பெயரைச் சூட்டினால் தண்டனை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 1529-ல் ஸ்பேயர் நகரில் கூடிய பேரரசு மன்றம் அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. அந்த நூற்றாண்டில் கொல்லப்பட்ட அனபாப்டிஸ்டுகளின் எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் 2000-லிருந்து 2500 வரை கணிக்கிறார்கள். கத்தோலிக்கரும் கொன்றார்கள், கத்தோலிக்கரை எதிர்த்த சீர்திருத்தக்காரர்களும் கொன்றார்கள். ஒன்றுக்கொன்று ஜென்மப் பகையான இரண்டு தரப்பும் கைகோத்துக்கொள்ளும்படி இவர்கள் அப்படி என்ன செய்துவிட்டார்கள்?

தண்ணீர் விஷயம் இதற்கு முழுப் பதிலாகாது. ஜூரிச்சில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். அங்கே ஸ்விங்லி சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது கான்ராட் கிரேபெல், ஃபெலிக்ஸ் மான்ஸ் போன்ற இளைஞர்கள் அவருடைய சீடர்கள். கிரேக்கமும் ஹீப்ருவும் படித்த, பைபிளை மூலத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள். 1523 அக்டோபரில் நடந்த பொது விவாதத்தில் பூசையும் உருவங்களும் தவறு என்று முடிவாயிற்று. அவற்றை எப்போது, எந்த முறையில் நீக்குவது என்பதை நகர சபை தீர்மானிக்கட்டும் என்றார் ஸ்விங்லி. பிளவு அந்த இடத்தில்தான் விழுந்தது. உண்மை இன்னது என்று தெரிந்த பிறகு அதற்கு நகர சபையின் ஒப்புதல் எதற்கு என்று சீடர்கள் கேட்டார்கள். ஸ்விங்லியைக் கோழை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு நகரத்தைக் கலவரமில்லாமல் மாற்ற வேண்டிய பொறுப்பு அவர் தலையில் இருந்தது. இளைஞர்களுக்கு அது இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? 1525 ஜனவரியில், எட்டு நாட்களுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் செய்யாவிட்டால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று சபை உத்தரவு போட்டது. அதே மாதம் 21-ம் தேதி இரவு மான்ஸின் வீட்டில் கூடிய சிறு கூட்டத்தில், ஜார்ஜ் ப்ளாவ்ராக் என்ற முன்னாள் பாதிரி கேட்டுக்கொள்ள, கிரேபெல் அவருக்குத் தண்ணீர் ஊற்றினார். ப்ளாவ்ராக் மற்றவர்களுக்கு ஊற்றினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் சபை தண்டனையையும் அறிவித்தது: தண்ணீரில் பாவம் செய்தவனுக்குத் தண்ணீரிலேயே சாவு. 1527 ஜனவரி 5-ம் தேதி மான்ஸைக் கைகால் பிணைத்து லிம்மாட் நதியில் மூழ்கடித்தார்கள். 

இதை மூடநம்பிக்கையின் கொடூரம் என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். நகர சபைக்காரர்கள் மூடர்கள் அல்லர். தங்கள் ஊர் எதன்மேல் நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். அந்தக் காலத்து ஜெர்மன், ஸ்விஸ் நகரங்கள் பிரமாணத்தின் மேல் நின்றன. ஸ்ட்ராஸ்பர்கில் ஆண்டுதோறும் குடிமக்கள் பேராலயத்தின் முன் கூடி நகரத்தின் சாசனத்துக்குச் சத்தியம் செய்வார்கள். உல்ம் நகரத்தில் அந்தச் சபத நாள் இன்றும் ஜூலை மாதத் திருவிழாவாக நடக்கிறது. குடியுரிமை, நகரக் காவல், யுத்தத்துக்கு ஆள் திரட்டுவது, நீதிமன்ற சாட்சியம் எல்லாமே கையை உயர்த்திச் செய்யும் சத்தியத்தில் தொங்கின. ஞானஸ்நானம் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. பிறந்த குழந்தை சபைக்குள் வருகிறது. சபையும் ஊரும் ஒன்று. ஆக, குழந்தை கேட்காமலே ஊருக்குக் கட்டுப்படுகிறது. முதல் கண்ணியைக் கழற்றினால் கடைசிக் கண்ணி வரை ஆட்டம் காணும்.

அதைக் கழற்றிய வாசகம் 1527 பிப்ரவரி 24-ல் எழுதப்பட்டது. ஷாஃப்ஹௌஸனுக்கு அருகில் ஷ்லைட்ஹைம் என்ற கிராமத்தில் ரகசியமாகக் கூடியவர்கள் ஏழு அம்சங்களில் உடன்பட்டார்கள். அதை எழுதியவர் மைக்கேல் சாட்லர். பெனடிக்டைன் மடத்தைவிட்டு வெளியேறிக் கல்யாணம் செய்துகொண்டவர். ஏழில் ஆறாவது வாள், ஏழாவது பிரமாணம். கிறிஸ்தவன் வாள் எடுக்கமாட்டான், நீதிபதியாக உட்காரமாட்டான், சத்தியம் செய்யமாட்டான். சத்தியம் செய்ய வேண்டாம், உங்கள் சொல்லே போதும் என்ற பொருளில் மலைப் பிரசங்கத்தில் வரும் பகுதி அவர்களுக்கு ஆதாரம். ஆனால் சாட்லர் வேதவாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிரமாணத்தையும் சாட்சியத்தையும் பிரிக்கிறார். சாட்சியம் நடந்ததைப் பற்றியது, அல்லது நடந்துகொண்டிருப்பதைப் பற்றியது. பிரமாணம் வரப்போவதைப் பற்றியது. வரப்போவது மனிதன் கையில் இல்லை. தன் தலைமயிர் ஒன்றின் நிறத்தை மாற்ற முடியாதவன் எதைப் பிணையாக வைப்பான்? இந்தப் பாகுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ‘இதுதான் நான் பார்த்தது, இன்று நான் நம்புவது இது’ என்று எவனும் சொல்லலாம், அதற்காகச் சாகவும் செய்யலாம். ‘நாளை நீங்கள் எதைச் சொன்னாலும் செய்வேன்’ என்பது வேறு வகை வாக்கியம். இலக்கணத்தில் இரண்டும் தன்மை ஒருமைதான். இரண்டாவதில் ‘நான்’ காணாமல் போய்விடுகிறது.

சாட்லரை அந்த வருஷமே மே மாதம் ரோட்டன்பர்கில் நாக்கை அறுத்து, குறடால் சதையைப் பிய்த்து, எரித்தார்கள். சில நாட்களில் அவர் மனைவி மார்கரெத்தாவை நதியில் மூழ்கடித்தார்கள். அவர்மேல் சாட்டிய குற்றங்களில், அரசுக்குப் பிரமாணம் செய்யக்கூடாது என்று போதித்ததும், துருக்கியர் படையெடுத்து வந்தால் எதிர்க்கமாட்டேன் என்று சொன்னதும் இருந்தன.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். கையெழுத்து என்பது என்ன என்று ஓரளவு தெரியும். வேலையில் சேர்ந்த நாளில் நம்பகத்துக்கும் ரகசியக் காப்புக்குமான உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டேன்; என்னோடு சேர்ந்தவர்களும் போட்டார்கள். ஒருவரும் வரிவரியாகப் படித்ததாக ஞாபகம் இல்லை. காசோலையில் இருக்கும் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடும்போது, அந்த ஆள் இன்று என்ன நினைக்கிறார் என்று நான் பார்ப்பதில்லை. பத்து வருஷத்துக்கு முன் எப்படி வளைத்தாரோ அப்படியே இன்றும் வளைத்திருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன். மாறியிருந்தால் பணம் கிடையாது. இதில் பழிக்க ஒன்றுமில்லை. நேற்றைய மனிதனும் இன்றைய மனிதனும் ஒருவனே என்று வைத்துக்கொண்டால்தான் கடன், வாடகை, சம்பளம் எல்லாம் நடக்கும். ஸ்தாபனம் என்பது இந்தப் பாவனையில் ஓடுகிற யந்திரம். இந்த அனுபவத்தோடு சாட்லரைப் படிக்கும்போது, ஜூரிச் சபைக்கு ஏற்பட்ட பயத்தின் நியாயமும் எனக்குப் புரிகிறது.

அதனால் எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு வைக்க வேண்டும். வாக்குக் கொடுக்கக்கூடிய பிராணியாக மனிதன் ஆனதே நீண்ட, ரத்தம் தோய்ந்த சரித்திரம் என்று நீட்ஷே 1887-ல் எழுதினார். வாக்கே கொடுக்கமாட்டேன் என்பவனோடு நட்புக்கூடக் கொள்ள முடியாது. அனபாப்டிஸ்டுகளே வாக்குக் கொடுத்தவர்கள்தான். வயது வந்தபின் பெறும் ஞானஸ்நானம் வாழ்நாள் முழுவதற்குமான ஒப்பந்தம் இல்லையா? அப்படியானால் எந்த வாக்கை மறுக்கிறார்கள், எதை ஏற்கிறார்கள்? சாட்லரின் பாகுபாடு இதற்குப் போதாது. போதுமான பதிலை எந்தச் சாசனத்திலும் நான் காணவில்லை. ஒரு சம்பவத்தில் கண்டேன்.

ஹாலந்தில் ஆஸ்பெரன் என்ற சிற்றூர், 1569. டிர்க் வில்லெம்ஸ் என்பவர் மறுஞானஸ்நானம் பெற்றதற்காகவும், தன் வீட்டில் பிறருக்கு நடக்க இடம் கொடுத்ததற்காகவும் சிறையில் இருந்தார். தப்பித்து ஓடினார். ஒரு காவலன் துரத்தினான். நீர்நிலை உறைந்திருந்தது, பனி மெலிதாக இருந்த காலம். டிர்க் எப்படியோ கடந்துவிட்டார். பின்னால் வந்த காவலன் காலடியில் பனி உடைந்து உள்ளே போனான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். பிடிபட்டார். மே 16-ல் எரிக்கப்பட்டார். அன்று பலமான காற்று நெருப்பை மேலுடம்பிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்ததால் சாவு வெகுநேரம் வரவில்லை. 1660-ல் வான் ப்ராக்ட் தொகுத்த ‘தியாகிகளின் கண்ணாடி’ என்ற பெருநூலில் இது இருக்கிறது. 1685 பதிப்புக்கு யான் லைக்கன் செதுக்கிய சித்திரத்தில், டிர்க் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருக்கிறார். வால்டேரின் ‘காண்டீட்’ நாவலில் மாலுமியைக் காப்பாற்றப் போய்த் தானே கடலில் மூழ்கிப்போகும் நல்லவன் ஒருவன் வருகிறான். அவன் அனபாப்டிஸ்ட் என்பது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. 

எல்லோரும் டிர்க்கைப் பார்க்கிறார்கள். என் கண் அந்தக் காவலன்மேல் நிற்கிறது. அவனைப் பற்றி அந்த நூல் ஒரு தகவல் தருகிறது: கரையேறிய காவலன் டிர்க்கை விட்டுவிட விரும்பினான். கரையில் நின்ற நகரத் தலைவர், நீ செய்த பிரமாணத்தை நினைத்துப் பார் என்று கடுமையாகச் சொன்னார். அவன் பிடித்தான்.

நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கும் அந்த மனிதனுக்கு மனசாட்சி இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தது, அந்த நிமிஷத்தில் அது முழு விழிப்போடு இருந்தது. தன் உயிர் யாரால் வந்தது என்று அவன் உடம்புக்கே தெரியும். ஆனால் அந்த மனசாட்சி ஏற்கனவே அடமானத்தில் இருந்தது. அவன் பிரமாணம் எடுத்த நாளில் இந்தப் பனியை நினைத்தா எடுத்திருப்பான்? திருடர்களைப் பிடிப்பேன் என்றுதான் நினைத்திருப்பான். அவனை இக்கட்டில் மாட்டியது வாக்குக் கொடுத்தது மட்டும் அல்ல என்பது இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது. சத்தியம் செய்தவன் காவலன். சத்தியத்துக்குப் பொருள் சொன்னவர் நகரத் தலைவர். நண்பனுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தால், சூழ்நிலை மாறும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். நான் மீறினால் பழி என்னுடையது, காப்பாற்றினாலும் செயல் என்னுடையது. பிரமாணம் வேறு. அங்கே வார்த்தை என்னுடையது, வியாக்கியானம் மேலே இருப்பவருடையது. ஷ்லைட்ஹைமில் மறுக்கப்பட்டது இது என்று வைத்துக்கொண்டால், வாழ்நாள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டே பிரமாணத்தை மறுத்ததில் முரண்பாடு இல்லை.

இந்த அளவுகோலை மூன்ஸ்டரின்மேல் வைத்துப் பார்ப்போம். அமைதிவழி அனபாப்டிஸ்டுகளின் வாரிசுகள் நெடுங்காலம், அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று கைகழுவினார்கள். அந்த வாதம் செல்லாது. மெல்கியோர் ஹாஃப்மன் நெதர்லாந்தில் விதைத்த விதையிலிருந்தே இரண்டு கிளையும் வந்தன. மூன்ஸ்டரில் 1534 பிப்ரவரியில் நகர சபைத் தேர்தலில் அனபாப்டிஸ்டுகள் ஜெயித்தார்கள். வெளியே பிஷப்பின் படை முற்றுகை தொடங்கியது. கத்தோலிக்க பிஷப்புக்கு லுத்தரன் சிற்றரசரும் உதவினார். உள்ளே ஹார்லெமிலிருந்து வந்த ரொட்டிக்காரர் யான் மாத்தைஸ் தீர்க்கதரிசியானார். பிப்ரவரி 27-ம் தேதி, கொட்டும் குளிரில், ஞானஸ்நானம் பெறாதவர்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். தங்க விரும்பியவர்களுக்குச் சந்தை மைதானத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்பது வருஷங்களுக்கு முன் ஜூரிச் சபை போட்ட உத்தரவும் இதுதானே? எட்டு நாள் கெடுகூட இல்லை. கேட்டுப் பெற வேண்டிய தண்ணீர் நகரத்தின் பிரமாணமாயிற்று. ஹூபர்ட் ரூஷர் என்ற கொல்லர் தீர்க்கதரிசிகளைக் கேள்வி கேட்டார், மாத்தைஸ் கையாலேயே அவரைத் தாக்கினார், ரூஷர் இறந்தார். அந்த ஈஸ்டரில் மாத்தைஸ் முற்றுகைப் படையோடு மோதிச் செத்தார். லைடன் நகரத்துத் தையற்காரர் யான் இடத்தைப் பிடித்தார். ஜூலையில் பலதார மணம், செப்டம்பரில் கிரீடம். 1535 ஜூனில் ஊர் விழுந்தது. அடுத்த ஜனவரியில் யானையும் இரண்டு சகாக்களையும் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் வைத்து லாம்பர்ட் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்றும் அங்கே தொங்குகின்றன.

உணர்ச்சிவேகத்தின் தவிர்க்க முடியாத முடிவு இது என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. முற்றுகை, பசி, ஆண்களைவிட மும்மடங்கு பெண்கள் எஞ்சிய நகரம் என்று காரணங்கள் பல. ஆனால் திருப்புமுனை பிப்ரவரி 27. ஒவ்வொருவரும் தானே கேட்டுப் பெற வேண்டிய ஒன்றுக்கு மதிலும் வாசலும் கிடைத்தன. வாசல் இருந்தால் வாயில்காப்போன் வேண்டும். உடனே வியாக்கியானம் ஒருவர் கைக்குப் போய்விட்டது.

வாள் எடுக்காதவர்கள் மட்டும் தப்பித்தார்களா? 1536 ஜனவரியில் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு வெளியேறி, சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டிய மென்னோ சைமன்ஸ் வாளை அடியோடு விலக்கினார். வாளுக்குப் பதிலாக அவர்களிடம் இருந்தது சபைவிலக்கு. விலக்கப்பட்டவரோடு சேர்ந்து சாப்பிடக்கூடாது. கணவன் விலக்கப்பட்டால் மனைவியும் அவனை ஒதுக்க வேண்டுமா என்று 1550-களில் பெரும் சர்ச்சை எழுந்தது. எம்டனில் ஸ்வான் ருட்கர்ஸ் என்ற பெண் கணவனை ஒதுக்க மறுத்தாள்; அவளையும் விலக்கக் கிளம்பினார் ஒரு மூப்பர். முதலில் தயங்கிய மென்னோ கடைசியில் கடும்போக்கின் பக்கமே சாய்ந்தார். கரையில் நின்ற நகரத் தலைவரின் குரலை இங்கேயும் கேட்கலாம். ரத்தம் சிந்தவில்லை என்ற வித்தியாசம் பெரிது, அதை நான் குறைக்கவில்லை. குரல் அதே குரல்.

இன்னொரு எதிர்வாதம் உள்ளேயிருந்தே வந்தது. பால்தசார் ஹூப்மயர் இறையியல் டாக்டர். மதவிரோதிகளை எரிப்பதைக் கண்டித்து 1524-லேயே எழுதியவர். எல்லோரும் வாளை விலக்கினால் பலவீனனை யார் காப்பது என்று கேட்டார். ஷ்லைட்ஹைம்காரர்கள் வாளை முழுக்கத் தப்பு என்று சொல்லவில்லை; கிறிஸ்துவின் பரிபூரணத்துக்கு வெளியே அது கடவுளின் ஏற்பாடுதான் என்றார்கள். அதாவது அழுக்கு வேலையை வேறொருவன் செய்யட்டும். நம் கை சுத்தமாக இருக்கும். இதில் உள்ள சுயநலத்தை ஹூப்மயர் சரியாகப் பிடித்தார். மொராவியாவில் நிக்கல்ஸ்பர்க் சபை இந்தக் கேள்வியில் இரண்டாக உடைந்தது. ஒரு தரப்பை வாள்காரர்கள், மற்றதைக் கோல்காரர்கள் என்றார்கள். வாளுக்கு நியாயம் பேசிய ஹூப்மயரையும் 1528 மார்ச்சில் வியன்னாவில் எரித்தார்கள் என்பது சரித்திரத்தின் குரூரம். அவருடைய கேள்விக்கு என்னிடம் தீர்ந்த பதில் இல்லை. காவலன் இல்லாத ஆஸ்பெரன் எனக்கும் வேண்டாம். ஆனால் அந்தக் காவலன், ‘இவனை மட்டும் பிடிக்கமாட்டேன், தண்டனை எனக்குக் கொடுங்கள்’ என்று சொல்ல இடமுள்ள ஆஸ்பெரன் சாத்தியமில்லையா?

அரசுகள் மெல்லக் கற்றுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. 1577-ல் ஆரஞ்ச் இளவரசர் வில்லியம், மென்னோனைட்டுகள் சொல்லும் ‘ஆம்’ என்ற சொல்லையே பிரமாணமாக ஏற்கும்படி மிடில்பர்க் நகரத்துக்கு எழுதினார். 1696-ல் இங்கிலாந்து க்வேக்கர்களுக்கு அதே சலுகை தந்தது. நம் அரசியல் சாசனத்தின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பக்கத்திலேயே உளமார உறுதி கூறுவதும் இருக்கிறதே, அந்த இரண்டாவது வாசகத்துக்குப் பின்னால் இந்த நீண்ட சரித்திரம் நிற்கிறது. ஜூரிச் 2004-ல் லிம்மாட் கரையில் நினைவுக் கல் வைத்தது. 2010-ல் உலக லுத்தரன் கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் கடவுளை எடுத்துவிட்டு உளத்தை வைத்ததால் வியாக்கியான உரிமை கைமாறிவிடவில்லை. 1918-ல் அமெரிக்காவில் ஹட்டரைட் சமூகத்தைச் சேர்ந்த ஜோசப், மைக்கேல் ஹோஃபர் என்ற சகோதரர்கள் ராணுவ உடுப்பை அணிய மறுத்து, அல்கட்ராஸ் தீவுச் சிறையின் நிலவறையிலிருந்து லெவன்வொர்த் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கே இறந்தார்கள். பெட்டியைத் திறந்த மனைவி, ஜோசப்பின் உடலுக்கு அந்த உடுப்பை மாட்டியிருப்பதைக் கண்டாள் என்று அவர்கள் சமூகம் சொல்கிறது. உயிரோடு இருந்தவனிடம் வாங்க முடியாத பிரமாணத்தைப் பிணத்திடம் வாங்கிக்கொண்டார்கள்.

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சார்த்தர் 1951-ல் எழுதிய ‘சாத்தானும் நல்ல கடவுளும்’ நாடகம் அந்த விவசாயிகள் போரின் நடுவில்தான் நடக்கிறது. நாயகன் கடைசியில் படைத்தலைமையை ஏற்றுக் கட்டுப்பாட்டின் பேரால் கொல்கிறான். ‘ஈடுபாடு’ என்ற சொல்லை நாம் அந்தத் திசையிலிருந்து எடுத்துக்கொண்டோம். கட்சிக்கு, கோட்பாட்டுக்கு, ஒரு பத்திரிகைக் குழுவுக்குக்கூட, எழுத்தாளன் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கேட்கப்படும்போது கேட்கப்படுவது சாட்சியமா, பிரமாணமா? இன்று நான் காண்பது இது என்று ஒரு குழுவோடு நின்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நாளை நான் எழுதப்போகும் வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமையை முன்கூட்டியே கொடுக்கச் சொன்னால் கொடுக்கமாட்டேன். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருநூறு பிரதி அச்சடிக்கும் நம் பத்திரிகைகளுக்குள்ளும் சபைவிலக்குகள் நடக்கின்றன. யாரோடு பேசக்கூடாது, யார் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதக்கூடாது என்று தீர்மானிக்கும் மூப்பர்கள் இருக்கிறார்கள். அதிகாரம் இல்லாததாலேயே நாம் டிர்க்கின் பக்கம் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வது சௌகரியமான கற்பனை.

டிர்க்கைப் போல் திரும்பி வரும் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. அது அருள் போன்றது, வந்தால் வரும். நம்மில் பலருடைய இடம் நனைந்த உடுப்போடு நிற்கும் அந்தக் காவலனுடைய இடம். அவன் பெயரை வான் ப்ராக்ட் எழுதவில்லை. ஆனால் அவன் விட்டுவிட விரும்பினான் என்பதைக் குறித்துவைத்தார். தியாகிகளுக்காக எழுதிய புத்தகத்தில், பிடித்துக் கொடுத்தவனுக்கும் அந்த ஒரு வரியை மறுக்காமல் விட்டது பெரிய நேர்மை என்று நினைக்கிறேன்.